சாணார்பட்டி வளைவில் பிடித்த ஸ்டியரிங்

பாக்கியராஜுக்கு மனிதர்களைப் பிடிக்காது. வண்டிகளைப் பிடிக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. வண்டிகள் பொய் சொல்வதில்லை, அதனால் அவற்றைச் சகித்துக்கொண்டான். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டோரமாக அவனுடைய தகரக் கொட்டகை இருந்தது. மோட்டார் வைத்த ஸ்டியரிங்கைக் கழற்றி, பிரித்து, பழுது பார்த்து, திருப்பி மாட்டத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் தான் ஒருத்தன்தான் என்று சொல்லிக்கொள்வான். அதில் முக்கால்வாசி உண்மைதான். மற்ற மெக்கானிக்குகள் அந்த வேலை வந்தால் இவனிடம் தள்ளிவிட்டு, இனி இவன் வாயைக் கேட்க வேண்டுமே என்று முனகுவார்கள்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஏசி குளிரவில்லை என்று வந்தவனிடம், "கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுனியா, இல்ல அதையும் நான்தேன் வந்து ஏத்திவிடணுமா?" என்பான். டாஷ்போர்டில் எரிகிற விளக்கைக் காட்டி அது என்ன என்று கேட்ட ஒரு வாத்தியாரிடம், "கார்த்திகைக்கு ஏத்துனதா இருக்கும் சார், அணைக்க மறந்துட்டீங்க" என்று சொல்லி அனுப்பியவன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அவன் பெண்டாட்டி பாத்திமா, "கொட்டகைக்குப் போகையில நாக்க வீட்டுல வச்சுட்டுப் போங்க, வேலை கைக்குத்தானே?" என்று பல வருடம் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் பொன்னுத்துரையின் கார் லாரியின் முதுகில் ஏறி வந்தது. பின்னாலேயே, மைத்துனர் காரில், பொன்னுத்துரையும் வந்தார். நத்தத்தில் புளி மண்டி வைத்திருக்கிறவர். மாம்பழ சீசனில் பாதி ஊர்த் தோப்பு அவர் குத்தகையில் இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, குரலில் எப்போதும் ஒரு அதட்டல். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அதட்டுவதற்கு அவருக்கு நேரம் இன்னும் கூடுதலாகக் கிடைத்திருந்தது.

விஷயம் இதுதான். பதினைந்து நாளைக்கு முன் அவரும் மனைவி புவனேஸ்வரியும் திண்டுக்கல்லில் ஒரு விசேஷத்துக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சாணார்பட்டி தாண்டி ஒரு வளைவில் கார் வளையாமல் நேராகப் போய்ப் புளியமரத்தில் மோதியது. முன் பம்பரும் ஒரு விளக்கும் நொறுங்கின. புவனேஸ்வரிக்கு மணிக்கட்டு ஒடிந்தது. ஓட்டியவன் காத்தமுத்து, பதினாலு வருடமாக அவரிடம் டிரைவர். ஸ்டியரிங் பிடித்துக்கொண்டது, திருப்பத் திருப்பத் திரும்பவில்லை என்றான் அவன். குடித்துவிட்டு ஓட்டினான் என்றார் இவர். அன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

"கார்க் கம்பெனி சர்வீஸ்ல மோட்டார் போச்சுங்கிறான். மொத்தமா மாத்தணுமாம். மோதுன மோதல்ல போயிருக்கும்னு வாயால சொல்றான், எழுதிக் கேட்டா தரமாட்டேங்கிறான்" என்றார் பொன்னுத்துரை. "நீ பிரிச்சுப் பாத்துச் சரி பண்ணு. அந்தப் பய ஸ்டியரிங் புடிச்சிருச்சு, ஸ்டியரிங் புடிச்சிருச்சுன்னு நத்தம் பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறான். அப்படிப் புடிச்சிருந்தா மறுபடியும் வேலைக்கு வச்சுக்கறேன்னு நானும் நாலு பேரு முன்னால சொல்லித் தொலைச்சுட்டேன். புடிக்கலன்னு நீ ஒரு சீட்டு எழுதிக் குடு. ஸ்டேஷன்ல குடுத்து அவன் லைசென்ஸ உருவிடுறேன்."

"என்ன இருக்கோ அத எழுதுவேன் சார்" என்றான் பாக்கியராஜ். "நீங்க சொல்றத எழுதுறதுக்கு எதுக்கு லாரி வச்சு இம்புட்டுத் தூரம்? வீட்டுலயே உக்காந்து எழுதியிருக்கலாமே."

பொன்னுத்துரைக்கு முகம் சிவந்தது. ஆனால் வேறு ஆள் இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் காத்தமுத்து வந்தான். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை, ஓட்ட வண்டி இல்லாமல் என்ன செய்வதென்று தெரியாத கைகள். கொட்டகைக்கு வெளியே வெயிலிலேயே நின்றான். உள்ளே வா என்று பாக்கியராஜும் சொல்லவில்லை. அவனுக்கு டிரைவர்கள் மேல் தனியாக ஒரு இளக்காரம் உண்டு. மரத்தில் மோதிய எந்த டிரைவரும் தூங்கிவிட்டேன் என்று இதுவரை சொன்னதில்லை. ஸ்டியரிங் பிடித்திருக்கும், பிரேக் போயிருக்கும், இல்லையென்றால் நாய் குறுக்கே வந்திருக்கும். டிரைவர்கள் சொல்கிற கணக்குக்கு இந்த மாவட்டத்தில் நாய்கள் இருந்தால் மனிதன் நடக்க இடம் இருக்காது.

"நெசமாவே புடிச்சிருச்சுண்ணே" என்றான் காத்தமுத்து. "இடது பக்கம் ஒடிக்கிறேன், கல்லு மாதிரி நிக்கிது. மூணு மண்டியில வேலை கேட்டுட்டேன். குடிகாரனுக்கு வண்டி தரமாட்டோம்ங்கிறாங்க. நான் பீடி கூடக் குடிக்கிறதில்லண்ணே. லைசென்ஸும் போயிருச்சுன்னா எனக்கு வேற ஒரு தொழிலும் தெரியாது."

"தெரியாட்டிக் கத்துக்க. போ, போ. பிரிச்சுப் பாத்தாத் தெரியும் நீ குடிச்சியா ஸ்டியரிங் குடிச்சுச்சான்னு."

காத்தமுத்து அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனான். அப்படித் தலையாட்டுகிறவர்களைக் கண்டாலும் பாக்கியராஜுக்கு ஆகாது.

அவன் குணத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தான். ஸ்டியரிங்குக்குள் இருக்கிற ஏர்பேக் என்கிற காற்றுப்பையில் மிச்சக் கரண்ட் அடங்குமுன் கை வைத்தால் மூஞ்சியில் வெடிக்கும். முன் சக்கரங்களை நேராக நிறுத்தினான். காற்றுப்பையை எடுத்துப் பத்திரமான இடத்தில் மல்லாக்க வைத்தான். நடு நட்டைக் கழற்றுமுன் தண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தான். அந்தக் கோட்டை இழுக்காமல் கழற்றி மாட்டிவிட்டு, நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு போகிற புத்திசாலிகள் ஊரில் நிறையப் பேர். உள்ளே சுருண்டிருக்கும் ரிப்பன் வயர் அசையாமல் டேப் ஒட்டினான்.

ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடிக்கு மூன்று ஸ்க்ரூ. இரண்டு ஒரு ஜாதி. மூன்றாவது எங்கிருந்தோ பொறுக்கிப் போட்ட தடித்த ஸ்க்ரூ. "கம்பெனிக்காரன் லட்சணம்" என்று துப்பினான். கம்பெனியில் அந்த வண்டியை யாரும் தொடவே இல்லை என்பது அவனுக்குத் தோன்றவில்லை. அவர்கள் கம்ப்யூட்டரைச் சொருகினார்கள், கம்ப்யூட்டர் மோட்டார் என்றது, அவர்களும் மோட்டார் என்றார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் யாரையாவது இளக்காரமாக நினைக்க ஒரு வழி கிடைத்துவிட்டால் பாக்கியராஜ் அதற்கு அப்பால் யோசிக்கிறவன் இல்லை.

வயர்களைப் பிடுங்கி, காலுக்கடியில் குனிந்து கீழ் ஜாயின்ட்டின் போல்ட்டைக் கழற்றி, மேலே நாலு நட்டைக் கழற்றியதும் மொத்தச் சாமானும் கையோடு வந்தது. எட்டுக் கிலோவுக்குக் குறையாது. பழைய வண்டிகளில் ஆயில் தள்ளி ஸ்டியரிங்கை லேசாக்கும். இந்த மாதிரி வண்டிகளில் தண்டின் மேலேயே தேங்காய் அளவில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கும். ஓட்டுகிறவன் கை எந்தப் பக்கம் போகிறதென்று தெரிந்துகொண்டு அதுவும் அந்தப் பக்கம் தள்ளும். பாக்கியராஜ் அதை மேஜையில் கிடத்தி, விளக்கை இழுத்துப் பிடித்துப் பார்த்தான்.

கீழே தண்டு மடங்குகிற ஜாயின்ட்டில் ஒரு துணி சுற்றியிருந்தது. கிரீஸில் ஊறிக் கறுத்துப்போன துணி. நுனியில் மட்டும் மஞ்சள்.

குறடால் மெல்ல உருவினான். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை முடிச்சு. சாமிக்கு நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைப்பார்களே, அது. துணி கிழிந்த இடத்தில் பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் எட்டிப் பார்த்தது. அதன் விளிம்பில் புதிதாக ஒரு வெட்டு. ஜாயின்ட்டின் கவையிலும் அதே அளவில் பளபளவென்று ஒரு கீறல். பாக்கியராஜ் முடிச்சை மறுபடி அந்த இடுக்கில் வைத்துத் தண்டை வலப்பக்கம் சுற்றினான். சுற்றியது. இடப்பக்கம் சுற்றினான். கால் சுற்றில் டக்கென்று நின்றது. இரண்டு கையாலும் முறுக்கினான். கல்லு மாதிரி நின்றது. சுத்தியலால் ஒரு தட்டு தட்டினான். முடிச்சு நழுவி விடுபட்டது, மரத்தில் மோதியபோது நழுவின மாதிரியே.

பிறகு மோட்டாரைத் தனியே கழற்றித் திறந்தான். உள்ளே மோட்டார் சுழலக் கரண்ட் கடத்துகிற கரித்துண்டுகள் தீய்ந்து நாறின. மோதிய மோட்டார் நசுங்கும், தீயாது. திரும்பாத தண்டைத் திருப்பப் பார்த்துத் திணறித் தீய்ந்திருக்கிறது. அப்படியென்றால் முதலில் பிடித்தது, பிறகு தீய்ந்தது, பிறகு மோதியது. காத்தமுத்து சொன்னது அத்தனையும் உண்மை.

இதை வைத்தது யார் என்று பாக்கியராஜ் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. பொன்னுத்துரையின் டாஷ்போர்டைப் பார்த்தவன் யாரும் யோசிக்கமாட்டான். பழனி, திருச்செந்தூர், சபரிமலை, அதற்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, ஒரு தர்காவின் பச்சைத் துணி. யாரையும் பகைத்துக்கொள்ளாத வியாபாரி. கண்ணாடியில் உத்திராட்சம், கியரில் கறுப்புக் கயிறு, வண்டி பூராவும் சந்தனப் பொட்டு. வெளியே இடம் போதாமல் உள்ளேயும் சாமியைத் திணித்திருக்கிறான், திணித்ததால் மரத்தில் மோதியிருக்கிறான், மோதிவிட்டுப் பழியை டிரைவர் தலையில் போட்டிருக்கிறான் என்று பாக்கியராஜ் தீர்மானித்தான். தீர்மானித்ததும் அவனுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. பாத்திமா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டதைச் சொன்னாலே ஒரு மணி நேரம் கிண்டல் பண்ணுகிறவன். பொன்னுத்துரை கிடைத்தால் விடுவானா?

காத்தமுத்துவுக்குப் போன் போட்டான். "ஏலே, ஸ்டியரிங் புடிச்சது நெசந்தான். கண்டுபுடிச்சாச்சு. புதன்கிழமை பதினோரு மணிக்கு வா. உன் மொதலாளியும் வாராரு. வச்சுச் செய்றேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்ணே. ஸ்டியரிங் புடிச்சிருச்சுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்ணே. அவரும் வேலைக்கு எடுத்துக்குவாரு. நாலு பேரு முன்னாடி அவரு மொகம் வாட வேணாம்ணே, நெஞ்சு சரியில்லாத மனுசன்."

"த்தூ" என்றான் பாக்கியராஜ். "உன்னக் குடிகாரன்னு ஊரெல்லாம் சொன்னவனுக்கு மொகம் வாடக் கூடாதாக்கும். உன்ன மாதிரி ஆளு இருக்கறதாலதான் அவன மாதிரி ஆளு இருக்கான்."

ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்த வரி பொய்யும் இல்லை. ஸ்டியரிங் பிடித்தது உண்மைதான். ஆனால் பாக்கியராஜுக்கு நியாயம் மட்டும் போதாது, நியாயம் கிடைக்கும்போது எதிராளியின் முகம் போகிற போக்கையும் பார்த்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை முழுக்க வேலை பார்த்தான். மோட்டாருக்குப் புதுக் கரி போட்டு, தீய்ந்த இடத்தைச் சுரண்டித் துடைத்து, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல் சக்கரத்துக்கு அதற்கென்று உள்ள கிரீஸை மட்டும் தடவி, கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கி எல்லாவற்றையும் மாட்டினான். வெள்ளைக் கோடும் வெள்ளைக் கோடும் இம்மி பிசகாமல் சேர்ந்தன. கம்ப்யூட்டரைச் சொருகி ஸ்டியரிங்குக்கு நடு எது என்று சொல்லிக் கொடுத்தான். டாஷ்போர்டு விளக்கு அணைந்தது. அப்படி ஒரு வேலையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கொட்டகையில் கூட்டம். டீக்கடையில் நின்றவர்கள், டயர்க் கடை ஆட்கள், பக்கத்து லேத் பட்டறை அருளப்பன் எல்லோரையும் பாக்கியராஜே வரச் சொல்லியிருந்தான். அருளப்பன் மட்டும், "தனியாக் கூப்பிட்டுச் சொன்னா ஆகாதாப்பா?" என்று கேட்டுப் பார்த்தார். "தனியா சொன்னா தனியா மறந்துருவான்" என்று பதில் வந்தது.

பொன்னுத்துரையை மைத்துனர் கார் இறக்கிவிட்டுப் போனது. காத்தமுத்து ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றான். பாக்கியராஜ் முதலில் வண்டியைக் கிளப்பி, ஒற்றை விரலால் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுற்றிக் காட்டினான். பிறகு ஒரு பழைய வீல் கப்பில் அந்த முடிச்சை வைத்து, கோயிலில் தட்டு நீட்டுகிற மாதிரி பொன்னுத்துரை முன் நீட்டினான்.

"ஸ்டியரிங் புடிச்சது நெசம் சார். புடிச்சது இது. கீழ் ஜாயின்ட்டுல போயி உக்காந்துக்கிட்டு இடது பக்கம் திரும்ப விடல. காசுல வெட்டு இருக்கு, ஜாயின்ட்டுல கீறல் இருக்கு, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துக்கங்க. மோட்டார் மோதுனதுல போகல, இதோட மல்லுக்கட்டித் தீஞ்சு போச்சு." அதோடு நிறுத்தலாம். நிறுத்துவானா? "சாமி கும்புடுங்க, வேணாங்கல. கும்புடுற சாமிய மிசினுக்குள்ள கொண்டு போயா சொருகுவாங்க? இத வச்சவன் எம்புட்டுப் பெரிய மடப்பயலா இருக்கணும்! இந்த மூளைக்குக் காரு எதுக்கு, கட்டை வண்டி போதாதா?"

கூட்டம் சிரித்தது. சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருந்தது, பொன்னுத்துரையை அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை.

"நான் வைக்கல" என்றார் பொன்னுத்துரை.

"அப்ப அதுவா நடந்து வந்து ஏறிக்கிச்சாக்கும்."

அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். புவனேஸ்வரியும் வைக்கவில்லை. சிரிப்பு இன்னும் கூடியது. பொன்னுத்துரையின் கழுத்து நரம்பு புடைத்தது. இனி நின்று வாதாடினால் மிச்சம் இருக்கிற மானமும் போகும் என்று வியாபாரிக்குத் தெரிந்தது.

"சரி, என்னமோ ஆகிப்போச்சு. எவன் வச்சானோ. காத்தமுத்து, நாளைக்கு வந்து வண்டிய எடு" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமலேயே.

ஜெயித்தாகிவிட்டது. வேலை வந்துவிட்டது, லைசென்ஸ் பிழைத்தது, குடிகாரன் என்ற பெயர் போய்விட்டது. பாக்கியராஜ் பெருமையோடு காத்தமுத்துவைத் திரும்பிப் பார்த்தான். காத்தமுத்து எதையும் கேட்டமாதிரியே தெரியவில்லை. வீல் கப்பில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றான்.

பொன்னுத்துரை ஆத்திரத்தோடு அந்த முடிச்சைப் பொறுக்கினார். கொட்டகைக்குப் பின்னால் கழிவு ஆயிலும் சாக்கடையும் கலந்து கறுப்பாக ஓடுகிற வாய்க்கால். அதைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"மொதலாளி, போடாதீங்க!"

காத்தமுத்து பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டான். பதினாலு வருடத்தில் அவரை அவன் தொட்டது நெஞ்சுவலி வந்த அன்றைக்கு மட்டும்தான். "போடாதீங்க மொதலாளி, சாக்கடையில போடக் கூடாது. அது உங்க உசுருக்கு நேந்தது. நான்தேன் வச்சேன்."

பொன்னுத்துரையின் ஓங்கிய கை கீழே இறங்கியது.

"போன தையில மண்டியில வச்சு உங்களுக்கு நெஞ்சு வலி வந்துச்சுல்ல. மதுரைக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன், பின் சீட்டுல அம்மா கதறுறாங்க, உங்களுக்குப் பேச்சு மூச்சு இல்ல. மாரியாத்தாட்டக் கேட்டேன். எங்க மொதலாளியத் திருப்பிக் குடு தாயி, அவரையே நடத்திக் கூட்டியாந்து அவரு கையாலயே உன் உண்டியல்ல போட வைக்கிறேன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு முடிஞ்சேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்றார் பொன்னுத்துரை.

"சொன்னா, உசுரக் காப்பாத்துனதச் சொல்லிக் காட்டுறான்னு நெனச்சிருவீங்களோன்னு சொல்லல. நீங்களா என்னைக்காச்சும் கோயிலுக்கு வருவீங்க, அன்னைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன். டாஷ்போர்டுல வச்சா வாராவாரம் தொடைக்கையில யாரு கையாவது படும். ஹாரன் வயரு விட்டுப் போச்சுன்னு அடி மூடியக் கழத்துனப்ப உள்ளாற சொருகி வச்சேன். அது கீழ எறங்கும்னு எனக்குத் தெரியாது மொதலாளி. அம்மா கை ஒடிஞ்சதுக்கு நான்தேன் காரணம்னு இப்பத்தான் எனக்கே தெரியுது."

கூட்டத்தில் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் எதிர்பார்த்தது தெரிந்ததுதான். முதலாளி மனம் உருகி, காத்தமுத்துவின் தோளில் கை போட்டு, இரண்டு பேரும் கோயிலுக்குப் போகவேண்டும். பொன்னுத்துரைக்கும் ஒரு நிமிடம் என்னவோ செய்யத்தான் செய்தது, கை மார்புப் பக்கம் போனது. ஆனால் அப்போதுதான் அவர் கண் கூட்டத்தின் மேல் பட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் சிரித்த அதே பற்கள்.

"என் உசுருக்கு நேந்துக்க நீ யாருடா?" என்றார். "என் பொண்டாட்டி இல்லையா, புள்ளைக இல்லையா? அஞ்சு ரூவாயில என் உசுர முடிஞ்சு வச்சு, அதே காசால என்னையும் என் பொண்டாட்டியையும் கொல்லப் பாத்திருக்க. உனக்கு வேலையும் கிடையாது. யோவ் பாக்கியராசு, ஸ்டேஷன்ல குடுக்கணும், சீட்ட எழுது."

பாக்கியராஜ் பேனாவை எடுத்தான். ஸ்டியரிங் இறுகிப் பிடித்ததால் விபத்து என்று எழுதி நீட்டினான்.

பொன்னுத்துரை படித்துவிட்டு நாலாகக் கிழித்தார். "ஏன் புடிச்சதுன்னு எழுது. என்ன இருக்கோ அத எழுதுவேன்னு அன்னைக்கு எங்கிட்டச் சொன்ன. இத்தன பேரக் கூட்டி வச்சுத் தட்டுல ஏந்திக் காட்டுனதும் நீதான். இனிமே மாத்தி எழுதுனா, அத்தன பேரும் எனக்குச் சாட்சி."

பாக்கியராஜ் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் கீழே பார்த்தது. அருளப்பன் தன் பட்டறைக்குள் போய்விட்டார். அவன் எழுதினான்: டிரைவர் ஸ்டியரிங் மூடிக்குள் வைத்த பொருள் இறங்கி ஜாயின்ட்டில் சிக்கியது. கையெழுத்தும் போட்டான். மடப்பயல் என்று தான் வாய் நிறையச் சொன்னது யாரை என்று நினைக்க நினைக்க அவனுக்கு அவமானமாக இருந்தது.

காத்தமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட்டிருந்தால் பாக்கியராஜுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முடிச்சை முதலாளியிடம் நீட்டி, "ஒரே ஒரு தடவ வந்து உங்க கையால போட்டுருங்க மொதலாளி. இல்லாட்டி அது உங்களுக்கு ஆகாது" என்றான். அவர் வாங்கவில்லை. அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாக்கியராஜிடம் வந்தான்.

"அண்ணே, ஸ்டியரிங் புடிச்சது நெசந்தானேண்ணே?"

"நெசந்தான்."

"நான் பொய் சொல்லல."

"இல்ல."

"நல்லதுண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தான்.

பொன்னுத்துரை சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். மைத்துனர் எப்போதோ போய்விட்டார். கார் தயாராக நின்றது, ஓட்ட ஆள் இல்லை. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சாவியைப் பாக்கியராஜ் முன் மேஜையில் போட்டார்.

"நீயே ஓட்டிக் கொண்டாந்து வீட்டுல விடு. வரும்போது பஸ்ல வந்துக்க."

வேறொரு நாளில் வேறொருவன் இப்படிச் சொல்லியிருந்தால், பாக்கியராஜ் சொல்லியிருக்கக்கூடிய பதிலைக் கேட்க டீக்கடைக்காரர்கள் ரோட்டைத் தாண்டி ஓடி வந்திருப்பார்கள். இன்றைக்கு அவன் சாவியை எடுத்தான். கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஏறினான். பொன்னுத்துரை பின்னால் ஏறி, "ஏசிய வை" என்றார். வைத்தான்.

முதல் பஸ் ஸ்டாப்பில் காத்தமுத்து வெயிலில் நின்றுகொண்டிருந்தான். கார் வருவதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, பழக்கதோஷத்தில் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான். பாக்கியராஜின் கால் தானாக பிரேக் பக்கம் போனது.

"நிறுத்தாத. போ" என்றார் பின்னால் இருந்தவர்.

பாக்கியராஜ் நிறுத்தாமல் போனான்.